பந்தை விட்டுவிடு

அத்தியாயம் பதினேழு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ரொட்டி வாங்கப் புறப்பட்ட நெலிதா, தெருக் கேட்டில் கை வைத்தவள் வைத்தபடியே நின்றுவிட்டாள்.

கேட்டில் ஒரு ஜோடி குட்டிக் காலுறை தொங்கியது. பச்சையும் வெள்ளையும் மாறி மாறி வரும் பின்னல். பிறந்த குழந்தையின் காலுக்கு ஆகிற அளவு. இரண்டையும் சேர்த்துக் கம்பியால் இறுக்கிக் கட்டி, நடுவில் நாலாக மடித்த காகிதம் ஒன்றைச் செருகியிருந்தார்கள்.

காகிதத்தில் ஒரே வரி. 'எசேக்கியேல், பிறக்கப் போகிற பிள்ளையை நினைத்துக்கொண்டு விளையாடு.'

கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அவசரமே இல்லாமல் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். அவள் அதை இரண்டாம் முறை படித்தாள்.

எசேக்கியேல் அவளுடைய மருமகன். ரிபேரா கிளப்பின் கோல்கீப்பர். மகள் யனினாவுக்கு இது ஏழாம் மாதம். போன ஞாயிறு வெளியூரில் ரிபேரா நாலுக்கு ஒன்று என்று தோற்றதும், அதில் மூன்றாவது கோல் எசேக்கியேலின் இரண்டு கால்களுக்கு நடுவே வாத்துக்குஞ்சு மாதிரி உருண்டு போனதும், அன்றிலிருந்து புவெர்த்தோ செய்போ ஊரில் ரொட்டிக் கடை முதல் சர்ச் வாசல் வரை அந்த இரண்டு கால்களைப் பற்றியே பேச்சு என்பதும் நாம் பார்த்ததுதான்.

இப்படி ஒரு வருஷத்தை நெலிதா கண்டதில்லை. பதிமூன்று வயதில் மைதானத்துக்குள் காலை வைத்தவள்; இப்போது ஐம்பத்தெட்டு. சீசனின் முதல் ஐந்து ஆட்டமும் வெற்றி. மார்ச் மாதம் பட்டியலில் முதலிடம். பஸ் நிலையத்தில் அவள் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில் அந்தப் பட்டியலை வெட்டி ஒட்டி வைத்தாள். டிக்கெட் வாங்க வந்தவர்கள் போகிற ஊரைச் சொல்லுமுன் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். யார் கண் பட்டதோ, பிறகு ஒன்பது ஆட்டம் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ஜூலைக் குளிர்காலத்தில் முதலிடத்துக்காரர்களையே விரட்டி அடித்தார்கள்; அடுத்த வாரம் கடைசி இடத்துக்காரர்களிடம் உதை வாங்கினார்கள். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நவம்பர் வந்துவிட்டது.

இன்று கடைசி ஆட்டம். சொந்த மைதானம். எதிரணி மெர்கந்தில். சமன் செய்தால் போதும், இரண்டாம் பிரிவில் தங்கிவிடலாம். தோற்றால் மூன்றாம் பிரிவு. அப்படி இறங்கிய கிளப்புகள் என்ன ஆயின என்று நெலிதாவுக்குத் தெரியும். ஒன்றின் மைதானத்தில் இன்று சூப்பர் மார்க்கெட் நிற்கிறது.

ஆனால் கேட்டருகே அவள் நின்றுவிட்டது அதற்காக அல்ல.

அந்தக் காலுறைகளைப் பின்னியது அவள்தான்.

செப்டம்பரில் பின்னி, தம்பி அன்செல்மோவிடம் கொடுத்தாள். அன்செல்மோ இருபது வருஷமாக ரிபேராவின் ரசிகர் கூட்டத்தில் பெரிய மேளம் அடிப்பவன். "இதை மேளத்துல கட்டி வை. ராசியா இருக்கும். பிள்ளை பிறந்ததும் திருப்பிக் குடு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்று ரிபேராவும் ஜெயித்தது.

மேளத்தில் கட்டிய காலுறை இப்போது அவள் வீட்டுக் கேட்டில் தொங்கியது.

அதை அவிழ்த்து மடியில் திணித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கணவன் இலாரியோ சமையலறையில் மாத்தேத் தேநீருக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தான்.

"ரொட்டி எங்க, கிழவி?"

"கடை மூடியிருக்கு."

"ஞாயித்துக்கிழமையா?"

"மூடியிருக்குன்னா மூடியிருக்கு."

இலாரியோ அவளை ஒரு முறை பார்த்தான். முப்பது வருஷம் ஆற்றில் மணல் வாரும் கப்பலில் வேலை செய்தவன். அதிகம் பேசமாட்டான். கால்பந்தும் பிடிக்காது. ஆட்ட நேரத்தில் ஊரே மைதானத்தில் இருப்பதால் ஆறு காலியாக இருக்கும், நிம்மதியாகத் தூண்டில் போடலாம் என்பதுதான் அந்த விளையாட்டால் தனக்குக் கிடைத்த ஒரே லாபம் என்பான்.

"வெந்நீர் ஆறிடும். குடி" என்றான்.

*

பத்தரை மணிக்கு மைதானத்தின் பின்பக்கம் புகை மண்டியிருந்தது. ஆட்டம் நாலு மணிக்குத்தான். ஆனாலும் ரசிகர் கூட்டத்தார் அடுப்பு மூட்டி, தொத்திறைச்சியை வாட்டி ரொட்டிக்குள் வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். நெலிதாவை எல்லோருக்கும் தெரியும். வழக்கமாக, "வாங்க அத்தை, ஒரு கடி கடிச்சுட்டுப் போங்க" என்று நாலு பேராவது கூப்பிடுவார்கள். இன்று இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தெரியாத இளவட்டங்கள் சிலர் மட்டும் அவளை உச்சியிலிருந்து கால் வரை அளந்தார்கள்.

அன்செல்மோ சுவரோரமாக மேளத் தோலை இறுக்கிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து, அவள் முழங்கையைப் பிடித்து, கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே பழைய டிக்கெட் அறைப் பக்கம் போனான்.

"இங்க எதுக்கு வந்த?"

அவள் காலுறையை எடுத்துக் காட்டினாள்.

அவன் அதைத் தொடவில்லை.

"உன் மேளத்துல இருந்ததை உனக்குத் தெரியாம எவன்டா அவுத்தான்?"

"என் மேளம்!" அன்செல்மோ சிரிக்கப் பார்த்தான்; வரவில்லை. "ஆகஸ்ட்லேர்ந்து அது என் மேளம் இல்லக்கா. நான் அடிக்கிறேன், அவ்வளவுதான். எப்ப அடிக்கணும், எப்ப நிறுத்தணும்னு இடக்கையன் சொல்றான்."

இடக்கையன் குளிர்காலத்தில் தலைநகர்ப் பக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரோடு வந்து ரசிகர் கூட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டவன். அவனுடைய நிஜப் பெயரைக் கேட்டவர்கள் ஊரில் யாரும் இல்லை.

"சரி, ஜெயிக்கணும்னுதானே மிரட்டறான்? எனக்கும்தான் ஜெயிக்கணும். நேத்து ராத்திரி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டுத்தான் படுத்தேன். அதுக்கு வயித்துல இருக்கிற பிள்ளையை எதுக்கு இழுக்கணும்?"

அன்செல்மோ இரண்டு பக்கமும் பார்த்தான். குரலை இறக்கினான்.

"அக்கா, அவங்க ஜெயிக்கச் சொல்லல."

"பின்ன?"

"விடச் சொல்றாங்க."

அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது, புகை தொண்டைக்குள் போனதுபோல இருமல் வந்தது.

"மெர்கந்தில் ஜெயிக்கணும். அதுமேல பந்தயம் கட்டியிருக்காங்க. எங்கேயோ உக்காந்திருக்கிறவங்க. நம்ம ஊர் பேரைக்கூடச் சரியா சொல்ல வராது அவங்களுக்கு. வியாழக்கிழமை பயிற்சி முடிஞ்சு வரும்போது எசேகிட்ட நல்லபடியா பேசினாங்க. அவன் கேக்கல. இடக்கையனோட செருப்புல துப்பிட்டுப் போயிட்டான்."

"துப்பினானா?"

பயத்துக்கு நடுவிலும் அவள் முகத்தில் ஒரு கணம் பெருமை எட்டிப் பார்த்தது. அன்செல்மோ அதைக் கவனித்தான்.

"சந்தோஷப்படாதக்கா. அதனாலதான் இது. கிளப்காரங்க ஆட்டக்காரங்களை ஓட்டல்ல வச்சு போனை எல்லாம் வாங்கிட்டாங்க. ஒரு மணிக்கு ஓட்டல் போன்ல வீட்டுக்குப் பேச விடுவாங்க. அப்ப நீ சொல்லு. நீ சொன்னா கேப்பான்."

"போலீஸுக்குப் போறேன்."

"போ. கேட்ல நிக்கிறவங்க கையில இருக்கிற ரொட்டி யாரோட அடுப்புலேர்ந்து போச்சுன்னு முதல்ல பார்த்துட்டுப் போ."

நெலிதா திரும்பிப் பார்த்தாள். கேட்டில் இருந்த இரண்டு போலீஸ்காரர்களும் வாய் நிறைய மென்றுகொண்டிருந்தார்கள்.

"நான் இங்க வராம இருந்திருந்தா?" என்றாள் மெதுவாக.

"நான் வீட்டுக்கு வந்திருப்பேன். சொல்லச் சொல்லித்தான் அனுப்பியிருப்பாங்க."

"நீயும் வந்து சொல்லியிருப்ப."

"எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குக்கா. என் வீட்டுக்கும் கேட் இருக்கு."

அவன் கண்கள் சிவந்திருந்தன. புகையா, வேறு எதுவுமா என்று அவள் பார்க்கவில்லை. சின்ன வயதில் இடிச்சத்தம் கேட்டால் இந்தத் தம்பி அவள் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான். அதே முகம்தான் இப்போதும்.

*

வீட்டில் யனினா அடுப்பில் தக்காளிக் குழம்பைக் கிண்டிக்கொண்டு, ரேடியோவில் வந்த பாட்டுக்கு வயிற்றோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். ஞாயிறு மதியம் என்றால் அந்த வீட்டில் நூடுல்ஸும் குழம்பும்தான்.

இலாரியோ கொல்லையில் எலுமிச்சை மரத்தடியில் மீனைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தான். நெலிதா எதிரில் குந்தி உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவன் கத்தியை நிறுத்தவில்லை. முடித்ததும் கத்தியைப் புல்லில் துடைத்தான்.

"எமாவுக்குக் கால் பிசகிடுச்சு" என்றான்.

"எந்த எமா? உன் தங்கச்சியா? எப்ப?"

"இன்னைக்கு. சாப்பாட்டுக்கு அப்புறம். நான் யனினாவைக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்துட்டு வரணும். தொண்ணூறு கிலோமீட்டர். இருட்டறவரைக்கும் அங்கேயே இருந்துடலாம்."

முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இந்த மனிதன் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. இவ்வளவு சுளுவாக வருகிறதே என்று அந்த நேரத்திலும் அவளுக்கு ஆச்சரியம்.

"நீயும் வா, கிழவி."

"நான் வர முடியாது. கேலரியில அஞ்சாவது படியில என் இடம் காலியா இருந்தா உடனே தெரிஞ்சுடும், குடும்பம் ஓடிப்போச்சுன்னு. அப்புறம் மைதானத்துல எசே தனியா நிப்பான்."

இலாரியோ மீன் செதில் ஒட்டிய கையால் அவள் கன்னத்தைத் தொட்டான். பிறகு குழாயடிக்குப் போனான்.

ஒரு மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது யனினாவின் போன் ஒலித்தது.

"யாரு, வாத்துக்குஞ்சு மேய்க்கிறவரா?" என்று ஆரம்பித்தாள் யனினா. அவள் கணவனைக் கேலி செய்யாத நாள் இல்லை. "சாப்பிட்டியா? ஓட்டல் நூடுல்ஸ் எப்படி? ... உன் பிள்ளை காலையிலேர்ந்து உதைக்கிறான். முன்வரிசை ஆட்டக்காரனாத்தான் வருவான், உன்னை மாதிரி கம்பத்துக்கு நடுவுல நிக்க மாட்டான். ... என்ன? ... சரி, குடுக்கறேன். அம்மா, உன்கிட்டப் பேசணுமாம்."

நெலிதா போனை வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் வந்தாள்.

"அத்தை, யனினாகிட்ட எதுவும் சொல்லிடலையே?"

"இல்ல."

"வீட்டுப் பக்கம் யாராவது வந்தாங்களா?"

"காலையில. கேட்டுல."

போனில் அவனுக்குப் பின்னால் தட்டுகளின் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம்.

நெலிதா கண்ணை மூடிக்கொண்டாள். நாற்பத்தைந்து வருஷம். மழையில் நனைந்து, வெயிலில் வெந்து, பிரசவத்துக்கு மூன்று நாள் முன்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறிய படிகள்.

"எசே, விட்டுடு."

"என்னது?"

"பந்தை விட்டுடு. ஒண்ணே ஒண்ணு. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

"போன வாரத்துலேர்ந்து ரொட்டிக் கடையில எனக்கு ரொட்டி குடுக்கறதில்ல, அத்தை."

"ரொட்டியை நான் சுட்டுத் தரேன். நீ விட்டுடு."

"நீங்களா சொல்றீங்க?" அவன் குரல் உடைந்தது. "யனினாவைக் கேட்டு முதல் தடவை வீட்டுக்கு வந்தப்ப என் பேரைக்கூட நீங்க கேக்கல. 'உயரப் பந்துக்கு வெளிய வருவியா, கோட்டுலயே நிப்பியா'ன்னு கேட்டீங்க. வெளிய வருவேன்னு சொன்னப்புறம்தான் உக்காரச் சொன்னீங்க."

"அது வேற நாளு. இப்ப நான் அந்தக் கிளப்போட ஆளா பேசல. உன் பிள்ளையோட பாட்டியா பேசறேன்."

"அவளை ஊரை விட்டு அனுப்பிடுங்க."

"அனுப்பறேன். நீ என்ன செய்யப் போற?"

நேரமாகிவிட்டது என்று யாரோ அவனை அதட்டும் குரல் கேட்டது.

"எசே! என்ன செய்யப் போற?"

போன் துண்டிக்கப்பட்டது.

*

"இன்னைக்கா விழணும் அந்த அத்தை!" என்று யனினா குதித்தாள். "கடைசி ஆட்டம், அப்பா! நான் ஒரு ஆட்டம்கூட விட்டதில்ல. நாளைக்குப் போகலாம்."

"அவ தனியா இருக்கா. மாடிப்படியில விழுந்திருக்கா. முட்டி ஆரஞ்சுப் பழம் மாதிரி வீங்கியிருக்காம்" என்றான் இலாரியோ, நூடுல்ஸை முள்கரண்டியில் சுற்றிக்கொண்டே.

"எமா அத்தை வீட்டுல ஏது மாடி?"

"பக்கத்து வீட்டு மாடி."

நெலிதா முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். "மூணு மணி நேரம் அந்தச் சிமென்ட் படியில உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? ரேடியோவுல கேளு. போ" என்று அதட்டி முடித்தாள்.

இரண்டு மணிக்குப் பழைய நீல ரெனோ கார் தெரு முனையில் திரும்பியது. யனினாவின் மஞ்சள் கவுன் ஜன்னலில் கொஞ்ச நேரம் தெரிந்தது. நெலிதா கேட்டைப் பூட்டினாள். ரிபேராவின் பச்சை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். பிறகு மைதானத்துக்கு நடந்தாள்.

*

நாலு மணிக்கு மைதானம் நிரம்பி வழிந்தது. ஜக்கரந்தா மரங்கள் சுவருக்கு வெளியே ஊதாவாகப் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தன. நெலிதா ஆற்றுப் பக்கத்து கோல் கம்பத்துக்குப் பின்னால், ஐந்தாவது படியில், தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன நெலிதா, உங்க மருமகன் இன்னைக்குக் காலைச் சேர்த்து வச்சுக்குவாரா?" என்றான் பின்படியிலிருந்து மருந்துக்கடைக்காரன்.

"உன் வாயை நீ சேர்த்து வச்சுக்கோ" என்றாள். சொன்ன வேகத்தில் பழைய நெலிதா இருந்தாள்.

முதல் பாதியில் எசேக்கியேல் தூரத்துக் கம்பத்தில் நின்றான். மஞ்சள் கையுறை மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. பந்து அந்தப் பக்கம் போகிற ஒவ்வொரு தடவையும் சுற்றி இருந்தவர்கள் மூச்சைப் பிடித்தார்கள், அவளும் பிடித்தாள். ஆனால் அவர்கள் வேண்டியது ஒன்று, அவள் வேண்டியது ஒன்று. இத்தாத்தி தலத்து மாதாவின் பெயரைச் சொல்லி ஜெபத்தை ஆரம்பிப்பாள். பாதியில் எதைக் கேட்பது என்று தெரியாமல் நிறுத்திவிடுவாள். மாதாவே, உள்ளே போகட்டும் என்று கேட்க வாய் வரவில்லை. போகக் கூடாது என்று கேட்கத் துணிவு இல்லை.

இருபதாவது நிமிஷம், மெர்கந்தில் ஆள் ஒருவன் தனியாக ஓடி வந்து அடித்த பந்தை எசேக்கியேல் காலால் தடுத்தான். மைதானம் எழுந்து நின்றது. நெலிதா உட்கார்ந்தே இருந்தாள்.

'ஒரு பந்தைத் தடுத்தால் என்ன, அடுத்ததை விடுவான்' என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

முப்பத்தைந்தாவது நிமிஷம் இன்னொன்று. மேல் கம்பியைத் தட்டிவிட்டு வெளியே போனது, அவன் விரல் நுனி பட்டு.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவன் விடப் போவதில்லை.

இடது பக்கம், கூட்டத்தின் நடுவில் அன்செல்மோவின் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் கறுப்புத் தொப்பி போட்ட ஒருவன் ஆட்டத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்தாயிரம் பேர் பந்தைப் பார்க்கிற இடத்தில் பந்தைப் பார்க்காத ஒரு ஆள். தலையை நிமிர்த்தினான். ஐந்தாவது படியை நேராகப் பார்த்தான். இடது கையை உயர்த்தி, பழகியவன்போல ஆட்டினான்.

இவன்தான் இடக்கையன் என்று நெலிதாவுக்குத் தெரிந்துபோனது.

இடைவேளையில் இலாரியோவைப் போனில் கூப்பிட்டாள். போகவில்லை. யனினாவைக் கூப்பிட்டாள். மைதானத்தில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தால் எந்தச் செல்போன் கோபுரம்தான் தாங்கும்?

இரண்டாம் பாதியில் எசேக்கியேல் அவள் பக்கத்துக் கம்பத்துக்கு வந்தான். இருபது அடி தூரம். கழுத்தில் வியர்வை ஓடுவதுகூடத் தெரிந்தது. ஒருமுறை பந்து எடுக்க வலைக்குப் பின்னால் வந்தபோது தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். 'அனுப்பிட்டீங்களா' என்று புருவம் கேட்டது. அவள் தலையசைத்தாள். அவன் முகம் சட்டென்று இளகியது. பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான்.

அந்தத் தலையசைப்பால் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. இனி அவனுக்குப் பயம் இல்லை.

எண்பத்தாறாவது நிமிஷம். ரிபேராவின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் கால் தவறி மெர்கந்தில் ஆளைச் சாய்த்துவிட்டான். நடுவர் விசிலை ஊதி, வெள்ளைப் புள்ளியைக் காட்டினார்.

பெனால்டி.

மேளம் நின்றது. கறுப்புத் தொப்பிக்காரன் அன்செல்மோவின் தோளில் கை வைத்திருந்தான்.

மருந்துக்கடைக்காரன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "போச்சு. எல்லாம் போச்சு" என்றான். முன்படியில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள்.

விடு, விடு, விட்டுடு என்று நெலிதாவின் உதடு முணுமுணுத்தது. இது பெனால்டி, ஐயா. விட்டால் உலகத்தில் ஒருவனும் குறை சொல்லமாட்டான். கடவுளே பார்த்துக் கொடுத்த வழி இது. வலது பக்கம் குதி, பந்து இடது பக்கம் போகட்டும்.

மெர்கந்தில் ஆள் ஓடி வந்து அடித்தான். இடது மூலை. தாழ்வாக, வேகமாக.

எசேக்கியேல் இடது பக்கம்தான் பாய்ந்தான். முழு நீளமும் தரையோடு நீண்டான்; மஞ்சள் கையுறையின் விளிம்பில் பந்து பட்டு, கம்பத்தில் மோதி, வெளியே தெறித்தது.

நெலிதாவின் தொண்டை கத்திவிட்டது. பயம் வந்து பிடிப்பதற்கு முன்பே கத்திவிட்டது. எழுந்து, கையைத் தூக்கினாள்; "எசே! என் மகனே!" என்று நாற்பத்தைந்து வருஷத்துக் குரலும் சேர்ந்து வெடித்தது. மருந்துக்கடைக்காரன் அவளைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டான். அவளும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பிறகு இடது பக்கம் பார்த்தாள்.

கறுப்புத் தொப்பியைக் காணவில்லை. அவனோடு நின்ற பத்துப் பேரையும் காணவில்லை. மேளம் தனியாகக் கிடந்தது. அன்செல்மோவும் இல்லை.

*

ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று முடிந்து, ரிபேரா இரண்டாம் பிரிவில் தங்கியது. கிழவர்கள் குழந்தைகளாக ஆனார்கள். வேலியைத் தாண்டி ஜனங்கள் மைதானத்துக்குள் குதித்தார்கள்.

நெலிதாவின் கையில் போன் அதிர்ந்தது. யனினா.

"அம்மா! தடுத்துட்டான், அம்மா! ரேடியோவுல கேட்டேன்! நான் கத்தின கத்துல அப்பா வண்டியைச் சாக்கடையில விடப் பார்த்தாரு!"

"எங்க இருக்க?"

"அங்க போய்ப் பார்த்தா எமா அத்தை ஏணி மேல நின்னு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கிறாங்க! முட்டி ஆரஞ்சுப் பழமாம்! ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்தினீங்களா? திரும்பிப் போகலைன்னா பஸ்ல போயிடுவேன்னு சொல்லி அப்பாவைத் திருப்பிட்டேன்."

"யனினா, இப்ப எங்க இருக்க?"

"இங்கதான், பக்கவாட்டு கேட்ல. அப்பா வண்டி நிறுத்த இடம் தேடறாரு. அம்மா, அன்செல்மோ மாமாவோட ஆளுங்க வந்திருக்காங்க. ரொம்ப மரியாதையா பேசறாங்க. கூட்டத்துல இடிபட வேண்டாம், எசேகிட்ட நேரா கூட்டிட்டுப் போறோம்னு கார்க் கதவைத் திறந்து வச்சிருக்காங்க."

"ஏறாதே!"

"என்னம்மா? ஒண்ணும் கேக்கல. ஒரே சத்தம்."

"ஏறாதே! யனினா, ஏறாதே!"

"அப்புறம் பேசறேன்" என்றது போன்.

நெலிதா படிகளில் பாய்ந்து இறங்கினாள். இரண்டு படி இறங்குமுன் ஒரு கை அவளைப் பிடித்தது. இன்னொரு கை. "கோல்கீப்பரோட மாமியார்! இதோ பாருங்க, எசேக்கியேலோட மாமியார்!" காலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களே இப்போது ஓடி வந்தார்கள்.

"விடுங்க! என்னை விடுங்கப்பா! என் பொண்ணு..."

யார் காதில் விழும்? இரண்டு தடியர்கள் குனிந்து அவளை அப்படியே தோளில் தூக்கிவிட்டார்கள். அவள் அடித்தாள், உதைத்தாள், அழுதாள். ஆனந்தத்தில் அழுகிறாள் என்று நினைத்து அவர்கள் இன்னும் உயரத் தூக்கினார்கள்.

அந்த உயரத்திலிருந்து சுவருக்கு வெளியே பக்கவாட்டுத் தெரு தெரிந்தது.

வெள்ளைக் கார் ஒன்று. பின்கதவு சாத்தியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் கவுன். கார் மெல்ல நகர ஆரம்பித்தது. நகர்ந்த இடத்திலேயே நின்றது.

காருக்கு முன்னால் இலாரியோ நின்றுகொண்டிருந்தான்.

ரெனோவை நடுத்தெருவில் கதவு திறந்தபடி விட்டுவிட்டு வந்திருந்தான். மணல்கப்பலில் கயிறு இழுத்த அந்த இரண்டு கைகளையும் வெள்ளைக் காரின் முகப்பில் ஊன்றி, தலையைக் குனிந்து, கால்களை அகட்டி நின்றான். கார் உறுமியது. ஒரு அடி முன்னால் வந்தது. அவன் செருப்பு தார் ரோட்டில் ஒரு அடி பின்னால் சறுக்கியது. அவன் கையை எடுக்கவில்லை.

"கிழவா!" என்று நெலிதா கத்தினாள். கீழே ஆயிரம் பேர் எசேக்கியேலின் பெயரைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

காரின் முன்கதவு திறந்தது. கறுப்புத் தொப்பி இறங்கியது.

அதே நேரம் பக்கவாட்டு கேட்டிலிருந்து இன்னொரு ஆள் வெளியே வந்தான். அன்செல்மோ. ஓடவில்லை. வெறுங்கையை வீசிக்கொண்டு, தெருவின் நடுவே, அந்த இரண்டு பேரையும் நோக்கி நடந்தான். தோள் மேலிருந்து பார்த்த நெலிதாவுக்குத் தம்பியின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. யார் பக்கத்தில் போய் நிற்கப் போகிறான் என்பது முதுகில் தெரியவில்லை.